காலி ஜாஸ்தி என்றாள் மஞ்சுளா

புதிதாக நம் வேனில் மெக்கானிக்காக ஏறப் போகிற பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயணத்து டயரைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எந்த அகலம் எடுப்பது, எவ்வளவு காற்று வைப்பது என்று ஒரு அட்டவணை வரும் என்று காத்திருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் போனிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது கோபம் மட்டும்தான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் எல்லாம் ஆறிப்போகும் என்றார்கள். முட்டிவலி ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சக்கரத்தில் டயர் ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அதை விட்ட பிறகு, சைக்கிள் பயணம் நடத்துகிற நம் நிறுவனத்தில் சேர்ந்தேன். சைக்கிள் நம்முடையது, கூடவே வருகிற வேன் நம்முடையது, ஓட்டுகிறவர்கள் வெளியாட்கள். பெங்களூரிலிருந்து வருவார்கள், இங்கே இருக்கிற கம்பெனிகளே தங்கள் ஆட்களை மொத்தமாக அனுப்புவதும் உண்டு. பொம்பளை என்ன டயர் மாட்டுவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் மீதெல்லாம் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுடைய பஞ்சரையும் நான்தான் ஒட்டினேன்.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற காற்றழுத்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உச்ச வரம்பு. இதற்கு மேல் போகாதே என்று டயர் செய்தவன் சொல்கிறான். இதுவரைக்கும் போ என்று அவன் சொல்லவே இல்லை. லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருப்பதால் எட்டாவது ஆள் வருகிறவரை யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமா? ஆனால் சைக்கிள் டயர் என்று வந்துவிட்டால் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அந்த எண்ணைத் தொட்டுவிட்டுத்தான் மூச்சு விடுகிறார்கள். கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று சந்தோஷப்படுகிறார்கள். கல்லின் மேல் உட்கார்ந்து யாராவது ராயக்கோட்டை வரை போவார்களா என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

காற்று எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஓட்டுகிறவரின் எடை, பின்னால் கட்டியிருக்கிற மூட்டை, போகிற சாலை. மூட்டையும் உடம்பும் பின்சக்கரத்தில்தான் அதிகம் இறங்குகிறது, அதனால் அங்கே கொஞ்சம் கூட. முன்சக்கரம் கைகளுக்குரியது, அங்கே குறைவு. அகலமான டயர் குறைந்த காற்றிலேயே எடையைத் தாங்கும், சின்னக் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். ஒடுங்கின டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் அடிவாங்கும், அதனால் அதைக் கெட்டியாகத்தான் வைத்தாக வேண்டும். அப்புறம் சாலையில் இருக்கிற ஒவ்வொரு ஜல்லியும் உள்ளங்கைக்கு வந்து சேரும். நம் பக்கத்துச் சாலைகளைப் பார்த்திருக்கிறீர்கள். கிரானைட் லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி, தக்காளி வண்டிகள் திரும்பித் திரும்பிப் பெயர்த்த தார், அறுவடைக் காலத்தில் ராகிக் கதிரையே சாலை முழுக்கப் பரப்பி வைத்திருப்பார்கள். இதில் ஒடுங்கின டயரைக் கல் மாதிரி அடித்து ஓட்டச் சொல்கிறவருக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒருவர் வந்தார்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்கிற ஒரு கம்பெனி, உடற்பயிற்சி, ஆரோக்கியம் என்று சொல்லித் தன் ஆட்களைப் பயணம் அனுப்பியது. ஓசூரிலிருந்து பாகலூர், பேரிகை வழியாகச் சூளகிரி, மறுநாள் உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை. அவரவர் பையை அவரவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிக்கொண்டு போனவர் அந்தக் கம்பெனியின் மேனேஜர். அவரும் சைக்கிள் ஓட்டுகிறவர்தான், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், நெடுஞ்சாலையில், முதுகில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல். அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒடுங்கின டயர் சரி, அதை நான் மறுக்கவில்லை.

எல்லாச் சைக்கிளுக்கும் நாற்பது மில்லிமீட்டர் அகல டயர் மாட்டி, ஆளுக்குத் தக்கபடி காற்று வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு டயரை அமுக்கினார், அது அமுங்கியது. அவர் முகம் சுருங்கியது. இது என்ன டிவிஎஸ் வண்டி மாதிரி இருக்கிறது, படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும், எல்லாவற்றுக்கும் இருபத்தைந்து மில்லி மாற்றுங்கள், காற்று நூறு பவுண்டுக்கு மேல் இருக்கட்டும் என்றார். சாலையைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன், வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு எங்கள் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்து, ‘கஸ்டமர் கேக்கறாரு, குடுத்துடும்மா’ என்றுவிட்டு வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கழற்றின அகல டயர்களை ஒன்று விடாமல் வேனில் ஏற்றினேன். எதற்கு இடத்தை அடைக்கிறது என்று கேட்டார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் மஞ்சுளா. பாகலூர்க்காரி, வீட்டில் தெலுங்கு. வெளியே வந்தால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள், பாகலூரில் யார்தான் பேசவில்லை. கம்பெனியில் அவளுடைய வேலை, மெல்லிய ஒயரின் முனையை இணைப்பானுடைய சின்னத் துளைக்குள் செருகுவது. சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தான் சொல்லும். லைனில் அந்த வேலைக்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை என்றும், அடுத்த லைன் லீடர் அவள்தான் என்றும் கூட வந்த பெண்கள் கிளம்பும்போதே என்னிடம் சொன்னார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

சாப்பாட்டு வண்டியோடு நான் முன்னால் போய்விட்டேன். பின்னால் வேனில் வந்த மெக்கானிக் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம், ஓசூருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல கை, சொன்ன வேலையை அலுக்காமல் செய்வான். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் பாசம் உண்டு, அதனால்தான் அவனைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பாகலூர் தாண்டியதுமே மஞ்சுளாவுக்கு உள்ளங்கை சுரீர் சுரீர் என்றிருக்கிறது. அவளுக்குக் காரணமும் தெரிந்திருக்கிறது. நின்ற இடத்தில் சைக்கிளை இசக்கியிடம் நீட்டி, ‘அண்ணா, காலி ஜாஸ்தி ஆயிருச்சு, கொஞ்சம் பாருங்க’ என்று சொல்லிவிட்டு, கையைத் தண்ணீரில் நனைக்கப் போயிருக்கிறாள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் காற்றுக்கு என்ன பெயர்? காலி. கன்னடத்தில் லகரம் ளகரமாகும், வெயிலில் இளைத்து நிற்கிறவர் வாயில் அந்த வித்தியாசமும் இருக்காது. நம் எழுத்தில் எழுதினால் ‘ஒன்றும் இல்லை’ என்கிற காலியும் அதேதான். முதல் எழுத்தை அவர்கள் கனமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான் வேறுபாடு, ஹெல்மெட் பட்டையும் லாரி இரைச்சலும் அதைத் தின்றுவிடும். பாகலூர் பஞ்சர் கடையில் போய்க் ‘காலி ஜாஸ்தி’ என்றால் காற்று அதிகம் என்று இறக்கிவிடுவான். திருநெல்வேலிக்காரன் காதில் அது ரொம்பக் காலியாகிவிட்டது என்று விழுந்தது. அவன் பம்பை எடுத்தான்.

பம்பை வால்வில் மாட்டும்போது ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்று போகும், பம்பின் குழாயும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பம்பில் இருக்கிற அளவு முள், டயரில் இருந்ததைவிடக் கீழேதான் காட்டும். இசக்கி அதைப் பார்த்தான், ஆமாம் குறைந்துதான் போயிருக்கிறது என்று முடிவு செய்தான். ஏற்கெனவே நம்பிவிட்ட ஒருவனுக்கு எந்த முள்ளும் அவன் நம்பினதைத்தான் காட்டும். மேனேஜர் சொன்ன அளவுக்கு மேலும் ஒரு அடி அடித்துக் கொடுத்தான். மஞ்சுளா வந்து, ஆயிற்றா என்று கேட்டாள், ஆயிற்று என்றான். அவள் நம்பி ஏறினாள்.

பேரிகையில் டீக்கு நின்றபோதும் இதே. காலி ஜாஸ்தி, இன்னும் ரெண்டு அடி. இந்த முறை அவள் மேனேஜரிடமும் போய்க் கை மரத்துப்போகிறது என்று சொல்லியிருக்கிறாள். முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான், பழகிவிடும், மனசு வைக்க வேண்டும் என்று பெரிய அறிவுரை. அவளுடைய கையைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. ஒரு மனுஷி வந்து விரலில் உணர்ச்சி இல்லை என்று சொல்கிறாள், அதுவும் விரலால் பிழைக்கிறவள், அதற்கு மனசு வைக்கச் சொல்கிற ஆளை நான் என் வாழ்க்கையில் மன்னிக்கப் போவதில்லை. பிறகு அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காற்றைத்தான் இரண்டு முறை இறக்கியாயிற்றே, அப்படியும் கை எரிகிறது என்றால் கோளாறு நம் கையில்தான் என்று நினைத்துக்கொண்டாள். சூளகிரியில் காலையில் பை கட்டும்போது, எதற்கும் இன்னொரு முறை சொல்லிவைத்தாள். இசக்கி இன்னொரு முறையும் அடித்தான்.

நான் முந்தின சாயங்காலமே ராயக்கோட்டைக்குச் சாப்பாட்டு ஏற்பாட்டுக்காகப் போய்விட்டேன். காலையில் போனில் இசக்கியிடம் எல்லாம் சரியா என்று விசாரித்தேன். எல்லாம் சரி, மஞ்சுளாக்கா வண்டியில்தான் காத்து நிற்க மாட்டேன் என்கிறது, சொல்லச் சொல்ல அடித்துக் கொடுக்கிறேன் என்றான். ட்யூபைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். நேற்றே பார்த்துவிட்டானாம், ஒரு குமிழிகூட இல்லையாம்.

ட்யூபில் ஓட்டை இல்லை, ஆனால் டயர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. இது இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது. யாரோ ஒருவர் தப்பு, அது ரப்பராக இருக்காது. எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அண்டாக்களைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பி உத்தனப்பள்ளிக்கு ஓட்டச் சொன்னேன்.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால், இறக்கத்தில், சாலை ஓரமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். பயந்துபோய் முகமெல்லாம் வெளுத்திருந்தது. பக்கத்தில் மேனேஜர் நின்று, இப்படி நடு வழியில் நின்றால் மொத்தக் குழுவுக்கும் தாமதம் என்று பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் நேராக அவளிடம் போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

‘காலி ஜாஸ்தின்னு நேத்தே சொன்னேன்க்கா. சொல்லச் சொல்ல இன்னும் ஜாஸ்திதான் ஆவுது.’

இசக்கி குறுக்கே வந்தான். ‘காலியாயிட்டுன்னுதானக்கா சொன்னாங்க. அதான் நான் அடிச்சுக்கிட்டே இருந்தேன்.’

நான் முன் டயரை அமுக்கினேன். என் கட்டை விரல்தான் உள்ளே போனது. இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தேன். இசக்கிக்கு இன்னும் புரியவில்லை, மஞ்சுளாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் பார்த்தாள், இரண்டு விரலும் கிளிப்பைப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிப் போயின. நான்தான் கழற்றிவிட்டேன்.

அவளை வேனில் ஏற்றி உட்கார வைத்தேன். அப்புறம் எனக்கு வந்ததே கோபம். வால்வை அழுத்துகிற சாவியை எடுத்துக்கொண்டு வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களில் காற்றை இறக்க ஆரம்பித்தேன். மேனேஜர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டயர் மாற்றுகிறேன் என்றேன். யாரைக் கேட்டு என்றார். நான் அடுத்த சைக்கிளுக்குப் போனேன். அவர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார், முதலாளி எனக்குப் போன் போட்டார், நான் எடுக்கவில்லை. இசக்கி வேனிலிருந்து அகல டயர்களை இறக்கிப் போட்டான். என்னோடு சேர்ந்து கடைசி டயர் வரை மாட்டினான். அதற்குப் பிறகு ராயக்கோட்டை வரை ஒருவரும் கை வலிக்கிறது என்று சொல்லவில்லை. வேகமும் குறையவில்லை. மேனேஜரும் அதே அகல டயரில்தான் வந்து சேர்ந்தார், சாப்பாட்டு இடத்தில் படமும் எடுத்துக்கொண்டார்.

மஞ்சுளா திங்கட்கிழமை லைனுக்குப் போனாள். ஒயர் உள்ளே உட்கார்ந்ததா இல்லையா என்று விரல் சொல்லவில்லை. டாக்டர் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார், கையை ஓய்வில் வைக்கச் சொன்னார், திரும்பி வரும், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கம்பெனி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றியது. மாற்றியது யார் என்று கேட்கிறீர்களா? அதே மேனேஜர்தான். லைன் லீடர் வேலை வேறு ஒருத்திக்குப் போயிற்று.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன். நடந்தது உங்கள் பயணத்தில் நடந்தது, அவளுடைய இடத்தை அவளுக்காக வைத்திருங்கள், கை சரியானதும் திரும்பி வரட்டும் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, அன்றைக்கு நான் எவ்வளவு அடக்கிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘அந்த அம்மா புரியற மாதிரி சொல்லியிருக்கணும் மேடம், காலின்னா யாருக்கும் காலின்னுதான் கேக்கும்’ என்றார். அவருடைய கம்பெனியில் பாதிப்பேர் பாகலூர், பேரிகைப் பக்கத்து ஆட்கள். அவர்கள் பேச்சு உற்பத்திக்குப் புரிகிறது, வலி என்று சொன்னால் மட்டும் புரியாமல் போய்விடுகிறது. கை மரத்துப்போகிறது என்று உங்களிடம் சுத்தத் தமிழில்தானே சொன்னாள், அதில் எந்த வார்த்தை விளங்கவில்லை என்று கேட்டேன். அவருக்கு மீட்டிங் வந்துவிட்டது.

இந்த ஊரில் வேலை செய்ய வந்திருக்கிறீர்கள். ஒருவர் வந்து டயரைப் பற்றி எதைச் சொன்னாலும், அவர் அங்கே நிற்கும்போதே ஏற்றவா, இறக்கவா என்று கையைக் காட்டிக் கேளுங்கள். அவர் டீ குடிக்கப் போனால் கூப்பிட்டு நிறுத்துங்கள். ஒரே புகார் மறுபடி வந்தால் முதல் முறை செய்ததையே மறுபடி செய்யாதீர்கள். வாடிக்கையாளர் படத்துக்காக டயர் கேட்டால் படத்துக்கு மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு, கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள், வாங்குங்கள். கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள், யார் வந்து கத்தினாலும் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கி என்னைப் பாகலூருக்குக் கூட்டிப் போகச் சொன்னான். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை. மஞ்சுளா எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்தாள். ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இசக்கி உட்காரவே இல்லை. அக்கா, எனக்கு உங்க பேச்சு தெரியல, வேற மாதிரி காதுல விழுந்துட்டு, தெரிஞ்சு செய்யல என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

‘நான் பேசினது புரியல, சரிண்ணா, உடுங்க’ என்றாள். ‘பம்பு மாட்றதுக்கு முன்னாடி டயர ஒரு தடவ அமுக்கிப் பாத்திருக்கலாமே. உங்க கை நல்லாத்தானே இருந்துச்சு.’